தடுப்பு வைத்த சட்டி

மனித நாகரிகம் பல்லாயிரம் ஆண்டுகளாக மூச்சிரைக்க ஏறிவந்து சேர்ந்திருக்கும் உச்சி, எங்கள் மலைநகரமான சோங்சிங். அந்த உச்சியில் ஓர் அடுப்பு இருக்கிறது. அடுப்பின் மேல் ஒரு சட்டி. சட்டிக்குள் இருப்பது முழுக்க முழுக்கச் சிவப்பு. இதற்கு மேல் மனிதன் போகவேண்டிய இடம் எதுவும் மிச்சமில்லை. நான் பாலம் கட்டும் பொறியியலில் கடைசி ஆண்டு படிக்கிறவன். எதையும் அளக்காமல் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

இந்த உச்சிக்கு மே தின விடுமுறையில் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே போகும் ரயிலில்தான் நான் தினமும் கல்லூரிக்குப் போகிறேன். கீழே தெருவில் அறுநூறு பேர் நின்றுகொண்டு, ரயில் வரும் நேரம் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். ரயிலை விழுங்குவதுபோலப் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மேலே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் எனக்கு அறுநூறு பேருடைய கடைவாய்ப் பல்லும் தெரிகிறது. காலை ஏழே முக்காலுக்கு இதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கட்டுமானக் கணக்குப் போடப் போகிறேன்.

வாய் பிளப்பவர்களை மன்னித்துவிடலாம். தடுப்புச் சட்டி கேட்பவர்களுக்கு மன்னிப்பே கிடையாது. மாட்டுக் கொழுப்பும் வற்றல் மிளகாயும் நாக்கை மரத்துப்போகச் செய்யும் மிளகும் கொதித்துக்கொண்டிருக்க, அதில் இறைச்சியை முக்கியெடுத்துத் தின்பது எங்கள் கொதிசட்டி. அதன் குறுக்கே ஒரு தகரத்தை வைத்து, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் எலும்பு வேகவைத்த வெள்ளைத் தண்ணீர் என்று ஊற்றிக் கேட்கிறார்கள். நோயாளியையும் நலம் விசாரிக்க வந்தவரையும் ஒரே கட்டிலில் படுக்கவைப்பது மாதிரி. ‘தடுப்புச் சட்டியும் முதுகெலும்பும்’ என்று கல்லூரிப் பத்திரிகையில் நான்கு பக்கம் எழுதினேன். விடுதிச் சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் அதை ஒட்டியிருந்தார்கள். நான் உட்கார்ந்த மேசைக்கு அப்படியொரு சட்டி வந்ததில்லை என்பது அதன் கடைசி வரி.

இந்த நிலையில்தான் ஷூலானின் அப்பாவும் அம்மாவும் ஊர் பார்க்க வந்தார்கள்.

ஷூலான் என் வகுப்பு இல்லை, கட்டட வடிவமைப்பு. மூன்று வருடமாக நாங்கள் இருவரும் ஒன்றாகச் சுற்றுகிறோம். பிறந்த ஊர் வூஷி. பன்றி விலா எலும்புக்குச் சர்க்கரை போடும் ஊர் அது. இறைச்சிக் கொழுக்கட்டைக்கும் சர்க்கரை போடுவார்கள். விட்டால் உப்புக்கே போடுவார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்து எங்கள் சிவப்பைத் தின்னப் பழகியவள் என்பதால் எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு.

வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஷூலானுக்கு அவள் ஊர்ப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியர் வேலை காத்திருந்தது. இங்கே ஒரு வடிவமைப்பு நிறுவனத்திலும் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளிக்கு மே ஐந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நான் ஒரே பொண்ணு. வயசான காலத்துல அவங்க என்கூட வந்து இருக்கணும்," என்றாள். "இந்த ஊருல அவங்களால இருக்க முடியுமான்னு மூணு நாள் பாப்பேன். முடியாதுன்னா நான் போயிடுவேன், ஷௌயி. அதுக்கப்புறம் நீ பாலம் கட்டு, சாலை கட்டு, என்ன வேணா கட்டு."

"மூணு நாள் எதுக்கு? ஒரே சாப்பாடு போதும். எங்கிட்ட விடு."

"அதுதான் பயமா இருக்கு. அப்பாவுக்கு வயிறு சரியில்லன்னு சொன்னேன்ல."

சொல்லியிருந்தாள். வூஷிக்காரர்கள் எல்லாருக்குமே வயிறு சரியில்லை என்பது என் கருத்து.

முதல் நாள் காலை பத்து மணிக்கு அவர்கள் தங்கியிருந்த விடுதியின் வாசலில் நின்றேன். பத்தேகாலுக்கு ஷூலானின் அப்பா ஹுவா அங்கிளிடமிருந்து போன். ஓய்வுபெற்ற தபால்காரர், மெதுவாகப் பேசுவார்.

"தம்பி, நாங்க வாசல்ல தெருவுலதான் நிக்கிறோம். உங்களக் காணோமே."

"நானும் வாசல்ல தெருவுலதான் நிக்கிறேன், அங்கிள்."

"எதுத்தாப்புல ஆறு ஓடுது."

"என் எதுத்தாப்புல பேங்க் இருக்கு."

அந்தக் கட்டடத்துக்கு ஆற்றங்கரைத் தெருவில் ஒரு வாசல்; அது முதல் தளம். மலைமேல் ஓடும் தெருவில் இன்னொரு வாசல். அது பதினோராவது தளம். இங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். "மேல வந்துடுங்க, அங்கிள்" என்று சொன்னேன். அவர் லிஃப்டைத் தேடாமல் பக்கவாட்டுப் படிக்கட்டைத் தேடினார். எங்கள் ஊரில் 'மேல' என்றால் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. இருநூற்று முப்பத்தாறு படி. முகம் தவிட்டு நிறமாகி வந்து சேர்ந்தார். பின்னால் ஆன்ட்டி ஒரு கையில் அவருடைய பையையும் இன்னொரு கையில் தன் செருப்பையும் வைத்திருந்தார்.

"நல்ல காத்து," என்றார் அங்கிள். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

ஷூலான் என்னைப் பார்த்தாள். நான் வங்கியைப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் லேய் அக்காவின் கொதிசட்டிக் கடை. போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து மலையைக் குடைந்த சுரங்கம். இப்போது அதில் பதினெட்டு மேசை. அக்கா குரலெடுத்தால் கடைசி மேசைவரை எதிரொலிக்கும். அவரே குறிப்பேட்டோடு வந்து நின்று, விருந்தாளிகளை ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, வெளியூரா? தடுப்பு வச்சதா கொண்டாரட்டா?"

"அக்கா, என்னையப் பாத்தா எப்படித் தெரியுது?"

"உன்னையப் பாத்து யாருடா கேட்டா. அவரப் பாத்து கேட்டேன்."

"முழுச் சிவப்பு. காரம் மட்டும் கம்மியா."

கம்மிக் காரம் என்பது வெளியூர்க்காரர்களுக்கு நாங்கள் காட்டும் கருணை. சமையல்காரர் இரண்டு கைப்பிடி மிளகாயைக் குறைப்பார். பிறகு மனசு கேட்காமல் ஒரு கைப்பிடியைத் திரும்பப் போடுவார். இதைவிட இறங்கிவர எங்களால் முடியாது. அன்று உள்ளபடியே இறங்கிவந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

மாட்டு இரைப்பையைச் சட்டியில் எப்படி முக்குவது என்று காட்டினேன். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. மொத்தம் பதினைந்து எண்ணிக்கை. அங்கிள் நல்ல மாணவர். வாய்க்குள் எண்ணிக்கொண்டே முக்கினார். முதல் துண்டு உள்ளே போனது. நெற்றியில் வியர்வை பூத்தது.

"எப்படி, அங்கிள்?"

"நல்லா இருக்கு."

இரண்டாவது துண்டு. காது இரண்டும் சிவந்தன. "நல்லா இருக்கு." ஐந்தாவது துண்டுக்கு அப்புறம் அவருடைய குரல் எங்கோ போய்விட்டது, தலையை மட்டும் ஆட்டினார். ஆன்ட்டி தேநீர்க் கிண்ணத்தை இழுத்து அதில் வாத்துக்குடலை அலசினார்.

"ஆன்ட்டி, அது சாப்பாடு. துணி இல்ல," என்றேன், மிகவும் பணிவாக.

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். ஆன்ட்டி கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அலசாமலே சாப்பிட ஆரம்பித்தார். மேசைக்கு அடியில் ஷூலான் என் காலை மிதித்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அங்கிள் கை கழுவிவிட்டு வருவதாகச் சைகை காட்டி எழுந்து போனார். அரைமணி நேரமாகியும் திரும்பவில்லை. தேடிக்கொண்டு போனோம். சுரங்க வாசலுக்கு வெளியே படியில், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, தபால் அலுவலகத்தில் வரிசைக்காகக் காத்திருப்பவர் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆன்ட்டி பையைத் திறந்து, மூன்று மாத்திரைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கொடுத்தார். எதையும் தேடவில்லை. பழகிய கை.

"அப்பாவுக்குப் பாதி வயிறுதான் இருக்கு," என்றாள் ஷூலான். "மூணு வருஷத்துக்கு முன்னாடி மீதிய எடுத்துட்டாங்க. உங்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன்."

"வயிறு சரியில்லன்னுதான சொன்ன."

"ரெண்டாவது தடவ எல்லாத்தையும் சொன்னேன். நீ அப்ப ரயிலப் பாத்து வாய் பொளக்குறவங்களப் பத்திப் பேசிட்டிருந்த."

அது உண்மையாக இருக்கக்கூடும். அந்த விஷயத்தில் நான் ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.

"அவருதான் நல்லா இருக்குன்னாரு," என்றேன்.

"நீ அவ்ளோ ஆசையாக் கேட்ட. வேற என்னடா சொல்லுவாரு?" அவள் கத்தவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் என்றால் கத்தியிருப்பார்கள், தப்பித்திருப்பேன். "நாளைக்கு நாலு மணி வண்டியில நானும் அவங்களோட போறேன். பள்ளிக்கூடத்துக்குப் பதிலும் எழுதிட்டேன். வண்டி ஏறினதும் அனுப்பிடுவேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன்.

"வண்டிக்கு முன்னாடி இன்னொரு தடவ சாப்பிடப் போலாம். அதே கடை."

"எதுக்கு? மிச்சம் இருக்கிற பாதியையும் எடுக்கவா?"

"இல்ல. வாங்க. படிக்கட்டுப் பக்கம் போகாதீங்க, லிஃப்ட்ல பதினொண்ண அமுக்குங்க. நான் ஏற்பாடு பண்ணிருக்கேன்."

ஏற்பாடு எதுவும் பண்ணியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஓடினேன். லேய் அக்கா வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லையா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அக்காவின் காதருகே குனிந்தேன்.

"அக்கா. தடுப்பு வச்ச சட்டி ஒண்ணு வேணும்."

"என்ன?"

"தடுப்பு வச்சது."

அக்கா பூண்டைக் கீழே வைத்தார். "யாருக்கு?"

"பதினோரு மணிக்கு. வெள்ளப் பக்கத்துல மிளகு விழாமப் பாத்துக்கோங்க. எலும்புச் சாறு உங்க வீட்டுல வைக்கிறது மாதிரி இருந்தாப் போதும். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, அக்கா."

அக்கா உள்பக்கம் திரும்பினார். "டேய், வெளிய வாங்கடா. ஷௌயி தம்பி தடுப்புச் சட்டி கேக்குறான்."

சமையல்காரர் வந்தார். பாத்திரம் கழுவுகிறவர் வந்தார். இறைச்சி நறுக்குகிறவர் கத்தியோடு வந்தார். நிதானமாக என்னைப் பார்த்தார்கள். ரயிலுக்கு வாய் பிளப்பவர்களைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

"முதுகெலும்பு சாறுல போடவா, தம்பி, இல்ல தொடை எலும்பா?" என்றார் சமையல்காரர். அவருடைய மகன் எங்கள் விடுதியில் இருக்கிறான்.

"தொடை எலும்பு," என்றேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். ஷூலானின் பெட்டியும் கூட வந்தது. சட்டியைப் பார்த்தாள், பெட்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் சட்டியைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் அங்கிளுக்கும் ஆன்ட்டிக்கும் நேராக இருக்கும்படி வைத்தேன்.

"ஆன்ட்டி, நேத்து நான் பேசினது தப்பு."

"துணின்னு சொன்னதா? எங்க வீட்டுல துணியெல்லாம் இவருதான் அலசுவாரு. எனக்குப் பழக்கமில்ல."

அங்கிள் வெள்ளைச் சாறை ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். 'நல்லா இருக்கு' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இன்னொரு கரண்டி குடித்தார். மீன் துண்டைப் போட்டார், காளானைப் போட்டார், முள்ளங்கியைப் போட்டார். முக்கால் மணி நேரம் தலை நிமிரவில்லை. ஆன்ட்டி அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வியர்வை இல்லை.

"தம்பி," என்றார் அங்கிள், வாயைத் துடைத்துக்கொண்டு. "இந்த ஊருல படி ஏறாமப் போற மாதிரி வீடு எங்கயாவது கிடைக்குமா?"

பாலம் கட்டப் படிப்பவன் இதற்குப் பொய் சொல்லக் கூடாது. "கிடைக்காது, அங்கிள். லிஃப்ட் வச்ச வீடு கிடைக்கும். எந்தத் தளம் எந்தத் தெருவுக்குப் போகும்னு நான் எழுதி ஒட்டிடுறேன்."

"பெரிய எழுத்தா எழுதணும். இவருக்குக் கண்ணும் சரியில்ல," என்றார் ஆன்ட்டி.

ஷூலான் போனை எடுத்தாள். என் கை குச்சிகளோடு அந்தரத்தில் நின்றது. எழுதிவைத்திருந்த பதிலை ஒருமுறை படித்தாள். பிறகு அதை அழித்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டாள்.

"ஸ்டேஷன் வரைக்கும் வரேன்பா," என்றாள் அப்பாவிடம். "வண்டி ஏறல."

"அப்ப உன் பெட்டிய அந்தத் தம்பிதான் திரும்பத் தூக்கணும்," என்றார் அங்கிள். வெள்ளைப் பக்கத்திலிருந்து ஒரு கிண்ணம் சாறு மொண்டு என் முன்னால் வைத்தார். பெரியவர் வைத்ததைத் தள்ள முடியாது. கல்லாவிலிருந்து லேய் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன்.

அதன்பிறகு ரயில் டிக்கெட், மருந்துச் சீட்டு, ஷூலானுக்கு வாடகை அறை என்று மூவரும் பேச ஆரம்பித்தார்கள். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. லேய் அக்கா சமையற்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தார். நான் ஒரு துண்டு இரைப்பையை எடுத்து, வெள்ளைப் பக்கத்தில், சத்தமில்லாமல், பதினைந்துவரை எண்ணி முக்கினேன். பிறகு இன்னொன்று.