நிற்கக் கூடாத தூரம்

சீல் சரியாகத்தான் இருந்தது. எண்ணும் ஒத்துப்போனது. ஆனாலும் யார்டு கேட்டில் வண்டிகளைச் சோதிக்கும் அவன் டிரெய்லரின் பின்கதவை விட்டு நகரவில்லை. கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று மட்டும் துருவேறாமல் இருந்தது. அது தெரியாமலிருக்க மேலே கரி பூசியிருந்தார்கள். தேய்த்துப் பார்த்தான். கரி விரலோடு வந்தது.

"என்ன சார், சீலுக்கு முத்தம் குடுக்கறீங்களா?"

வண்டியிலிருந்து இறங்கி வந்த டிரைவர் அவனுடைய மாமனார். யார்டுக்குள் மருமகனை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது. மகள் செத்துப்போன பிறகும் அவர் அதை விடவில்லை. வெளியே இருவரும் பார்த்துக்கொள்வதே நின்றுவிட்டதால் 'மாப்ள' என்ற சொல்லுக்குத்தான் வேலையில்லாமல் போயிற்று. பல மாதங்களுக்குப் பிறகு இன்று காலைதான் அதைக் கேட்டான், சாத்தியிருந்த கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அப்போது அவன் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். தெருவில் ஒரு லாரியின் ஏர் பிரேக் பெருமூச்சு விட்டது. பிறகு கதவு தட்டப்பட்டது. "மாப்ள, உள்ள இருக்கீங்களா?" அவன் எழுந்திருக்கவில்லை. மாமனாருக்கு அவளுடைய நெற்றி. கதவைத் திறந்தால் அது எதிரே வந்து நிற்கும். தட்டுவது நின்று வெகுநேரம் கழித்துத்தான் வண்டி கிளம்பியது.

சரக்கு ஏற்றுமிடத்திலேயே திருடர்கள் வண்டியைப் பின்தொடரத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அது முதன்முதலாக நிற்கும் இடம். சீலைத் தொடாமல் போல்ட்டைக் கழற்றி, சரக்கை எடுத்துக்கொண்டு, வேறு போல்ட்டை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால்தான் யார்டு வந்து சேரும்வரை எங்கேயும் நிற்கக் கூடாதென்பது. தவிர்க்கவே முடியாமல் நின்றால், கதவு திறக்க முடியாதபடி வண்டியின் முதுகைச் சுவரோடு ஒட்டி நிறுத்த வேண்டும். மாமனார் இதிலெல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர். எங்கே போனாலும் எந்தச் சுவரில் வண்டியைச் சாய்க்கலாம் என்று கண்ணாலேயே அளப்பவர். அவன் வீட்டுத் தெருவில் அப்படிச் சாய்க்கச் சுவர் கிடையாது.

மேனேஜர் வந்ததும் கதவைத் திறந்தார்கள். கதவோரத்து வரிசையில் இருக்க வேண்டிய மருந்துப் பெட்டிகளைக் காணோம்.

"அண்ணே, வழியில எங்கயாச்சும் நிறுத்துனீங்களா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார்."

"ஒண்ணுக்குக்கூடவா?"

"இந்த வயசுலயும் தாங்குது சார்."

கேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமனார் மருமகனைப் பார்க்காமல் டயர் பக்கம் குனிந்துகொண்டார்.

"அப்ப ஏத்துன இடத்துலதான் கைய வச்சிருக்காங்க. அங்க சீல் போடுற அந்தம்மாவத்தான் மொதல்ல வேலைய விட்டு நிறுத்தணும்." மேனேஜர் போனை எடுத்தார்.

அவன் வாயைத் திறந்தால் மாமனாரின் வேலை போய்விடும். வண்டி ஓட்டுகிறவரும் சோதிக்கிறவனும் உறவு, நின்ற இடமும் அவன் வீட்டு வாசல் என்றால் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுவார்கள். அதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டுக்குள் இருந்தேன் என்று அவர் எதிரிலேயே சொல்ல வேண்டும். அதற்குத்தான் நாக்கு எழவில்லை. மேனேஜர் எண்ணை அழுத்திவிட்டார்.

"நின்னுது சார். காலைல. எங்க வீட்டு வாசல்ல," என்றான்.

"நீ பாத்தியா?"

"சத்தம் கேட்டுது. உள்ளதான் இருந்தேன். கதவத் தொறக்கல."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமனும் மருமகனுமா சேந்து என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களேய்யா. வண்டிய சுவத்தோட ஒட்டி நிறுத்துங்க. விசாரணை முடியற வரைக்கும் ரெண்டு பேரும் எங்கயும் போகக் கூடாது." போனைக் காதில் வைத்தபடி ஆபீஸ் பக்கம் நடந்தார்.

மாமனார் நிமிர்ந்தார். கோபம் தெரியவில்லை. "உள்ள இருக்கீங்கன்னு தெரியும். பைக் நின்னுதே. இப்பத் தொறப்பீங்க, இப்பத் தொறப்பீங்கன்னு நின்னுட்டேன்."

"எதுக்கு மாமா வந்தீங்க?"

அவர் துணியை எடுத்து, அழுக்கே இல்லாத கையைத் துடைத்தார்.

"சும்மாதான். அந்த வீட்டுல வச்சு உங்களப் பாத்தா, அவ உள்ள ஏதோ வேலையா இருக்கான்னு தோணும். அதுக்குத்தான்."

அவன் ஏதாவது சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அவன் பின்பக்கம் ஓரமாக நின்று, டிரெய்லரின் தகரத்தில் உள்ளங்கையை வைத்தான். எப்போதும் அப்படித்தான்; இரண்டு தட்டு தட்டினால் 'போதும், நிறுத்துங்க' என்று அர்த்தம். வண்டி மெல்லப் பின்னால் வந்தது. கதவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த வெயில் ஒடுங்கிக் கோடாயிற்று. அவன் தட்டவில்லை. வண்டி தானாகவே நின்றது. சிவப்பு விளக்குகள் சுவரில் பட்டு எரிந்தன. எஞ்சினை நிறுத்தாமல், பக்கக் கண்ணாடியில் அவனைப் பார்த்தபடி, மாமனார் அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தார். சூடான தகரம் அவன் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்துகொண்டிருந்தது.