வலி மாத்திரை

விடியும் முன்பே ஐஸ் லாரி வந்துவிடும். பாளங்களை உடைத்து இறால் மேல் கொட்டும் சத்தத்தில்தான் கொட்டகை கண் விழிக்கும். ஈரத் தரையில் நின்றபடி பெண்கள் இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகிலிருக்கும் கறுப்பு நரம்பை இழுத்து எறிவார்கள். விரல்கள் மரத்துப்போகும். இறாலின் கொம்பு குத்தினால் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் குத்தியதே தெரியும். உட்கார ஒரு முக்காலி கிடையாது.

மேஸ்திரியும் பெண்தான். வருஷக்கணக்கில் அதே மேஜையில் நின்று உரித்தவள். அவளை மேஸ்திரியாக்கிய அன்று முதலாளி ஒரு டப்பா நிறைய வலி மாத்திரை கொடுத்தார்.

"வயித்துவலி, இடுப்புவலின்னு வீட்டுக்குப் போகப் பாப்பாங்க. ஒண்ணைக் குடு, நிப்பாங்க."

கொடுத்தாள். நின்றார்கள்.

அவளுடைய அண்ணியும் அங்கேதான் உரித்தாள். தாயில்லாத வீட்டுக்கு மருமகளாக வந்து, இவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள். ஒருநாள் அவள் மேஸ்திரியை ஓரமாக அழைத்தாள்.

"எனக்கு எல்லாம் நின்னு எவ்வளவு காலமாச்சு? இப்ப மறுபடியும் ரத்தம் படுதும்மா. ஒருநாள் விடேன், ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடறேன்."

"கப்பலுக்கு லோடு போகணும் அண்ணி. சொந்தக்காரின்னு உங்களை மட்டும் விட்டா மத்தவங்க என்னைக் கிழிச்சிடுவாங்க. இதைப் போட்டுக்கோங்க."

லோடு மேல் லோடு போனது. பிறகு அண்ணி வாய் திறந்து கேட்பதையும் விட்டுவிட்டாள். கையை மட்டும் நீட்டுவாள். மேஸ்திரி மாத்திரையை வைப்பாள்.

மழைக்காலத்தில் ஒரு காலை, அண்ணி மேஜையைப் பிடித்தபடியே சரிந்தாள். புடவையெல்லாம் ரத்தம்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "இவ்வளவு நாளா வலிக்கலையா?" என்று கேட்டாள்.

அண்ணி நாத்தனாரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "தெரியல டாக்டர்" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

கர்ப்பப்பை வாயில் புற்று. தினமும் வந்து கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வேண்டும், ஊசியும் போட வேண்டும் என்றார்கள். "கைவிடற நிலைமை இல்ல. ஆனா ஆரம்பத்துலயே வந்திருந்தா ரொம்பச் சுலபமா முடிஞ்சிருக்கும்" என்றாள் டாக்டரம்மா.

சேதி கேட்ட முதலாளி, "பாவம்தான். அந்த இடத்துக்கு வேற ஆளைப் போடு" என்றார்.

மறுநாள் காலை மேஸ்திரி கொட்டகையின் நடுவில் போய் நின்றாள்.

"அண்ணி லீவு கேட்டாங்க. நான் விடல. மாத்திரை குடுத்து நிக்க வெச்சேன். உங்களையும் அப்படித்தான் நிக்க வெச்சேன். உங்கள்ல யாருக்காவது அப்படி ரத்தம் படுதுன்னா இப்பவே கிளம்புங்க. நான் தடுக்க மாட்டேன்."

கடைசி மேஜையில் ஒருத்தி மெதுவாகக் கையை உயர்த்தினாள். பிறகு இன்னொருத்தி.

'வாயாடி' என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தாள். "அவங்க மட்டும் எதுக்கு? எல்லாருமே போய்க் காட்டிக்கணும்."

முதலாளி ஓடிவந்தார். "என்னம்மா இது? அவளுக்கு நானா வியாதி குடுத்தேன்?"

"வியாதி நீங்க குடுக்கல. காட்டிக்க விடல" என்றாள் வாயாடி. "ஒரு இறால் கெட்டிருந்தாலும் லோடு திரும்பி வந்துடும்னு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாக்கச் சொல்றீங்க. எங்களை யாரு பாக்கறது?"

"எல்லாரும் போனா சரக்கு என்னாவறது?"

"சம்பளத்தோட லீவு குடுங்க, முறை வெச்சுப் போறோம். அவ திரும்பி வரும்போது அவ இடம் அவளுக்கு இருக்கணும். அதுக்குச் சரின்னு சொல்லுங்க, வேலையில கை வைக்கறோம்."

முதலாளி மேஸ்திரி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு இவங்களுக்கு."

"இனிமே உங்களுக்காக எதையும் சொல்ல மாட்டேன் மொதலாளி."

"அப்ப உனக்கும் வேலை இல்ல."

அவள் வெளியே நடந்தாள். பின்னால் ஒவ்வொருத்தியாகக் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். கேட்டுக்கு எதிரே, மதில் நிழலில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. உள்ளே முதலாளி போனில் யாரிடமோ ஆள் கேட்டுக்கொண்டிருந்தார், கிடைக்கவும் கூடும்.

மேஸ்திரி தள்ளியே நின்றாள். அவர்களோடு உட்காரத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது.

"உன்னை மன்னிச்சிட்டோம்னு நெனைக்காதே" என்றாள் வாயாடி. "என் வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல."

"அடங்க வேண்டாம்."

"சரி, அதுக்குன்னு நின்னுட்டே இருக்காதே." வாயாடி நகர்ந்து இடம் விட்டாள். "இப்படி வந்து உக்காரு. நாளைக்கு உன் அண்ணியை ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறதுன்னு பேசணும்."