பெரட்டுக்கு முன்னால் ஒரு கேள்வி

தாமதமாக வந்தது கம்பெனி பஸ். வழியை அடைத்துக்கொண்டு நின்றவை துறைமுகத்துக்குப் போகும் லாரிகள். குற்றவாளியாக முன்னால் வந்து நிற்பது மட்டும் பஸ்ஸில் வந்த ஒன்பது பேர். என்ன நியாயம் இது! வாசுகிக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

பாசிர் கூடாங் துறைமுக ஊரில் உள்ள அந்தத் தொழிற்சாலையில், பேக்கிங் பகுதியின் சூப்பர்வைசர் சுகுமாறன். கைப்பேசியில் துணுக்கு படிப்பதுதான் அவருக்குச் சோறு தண்ணீர் எல்லாம். அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசிப்பார்களே, பெரட்டு என்று, அதைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டு, போன மாதத்திலிருந்து இங்கேயும் பெரட்டு வைத்துவிட்டார். பழைய பழக்கத்துக்கு உயிர் கொடுக்கிறாராம். பெரிய ஆராய்ச்சிக்காரர்!

தாமதமாக வருகிறவர்களுக்கு ஒரு கேள்வி. பதில் சொன்னால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் நோட்டில் பேர் ஏறும். புதிதாகச் சேர்ந்தவர்களின் பேர் மூன்று முறை ஏறினால் வேலை நிரந்தரமாகாது. வாசுகி சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அவள் பேர் ஏற்கெனவே இரண்டு முறை ஏறியாயிற்று. பிப்ரவரிக்கு ஏன் நாள் குறைவு என்று தெரியாததால் ஒன்று. பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றும் பழக்கம் எந்த நாட்டில் தொடங்கியது என்று தெரியாததால் இன்னொன்று. இதெல்லாம் தெரிந்தால்தான் பெட்டிக்கு டேப் ஒட்ட முடியுமா?

போன வாரம் கெர்ட்ரூட் அக்காவைப் பிடித்துக்கொண்டார். அம்பது வயதுக்காரி, இரண்டு மாதம் முன்புதான் சேர்ந்தவள். "செப்டம்பர்ங்கிற பேருக்குள்ள ஏழுன்னு அர்த்தம் இருக்கு. அப்புறம் ஏன் அது ஒம்பதாவது மாசம்?" அக்கா விழித்த விழியைப் பார்த்து வரிசையே சிரித்தது. வாசுகியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

இன்று அந்த அக்காவும் பக்கத்தில்தான் நின்றாள்.

"ஒம்பது பேருக்கும் ஒரே கேள்வி லா," என்றார் சுகுமாறன், நோட்டைத் தட்டிக்கொண்டு. "மொதல்ல சொல்றவங்க தப்பிச்சாங்க. பெரட்டுங்கிற வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?"

வாசுகி சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். "இங்கிலீஷ்லேருந்து சார். பரேடுதான் பெரட்டு ஆச்சு."

"அட, கெட்டிக்காரி! நீ போய் வேலையப் பாரு."

அவள் போகவில்லை. போயிருந்தால் வேலை தப்பியிருக்கும், அது அவளுக்கும் தெரியும். ஆனால் கண் முன்னால் அப்பா காளியப்பன் வந்து நின்றுவிட்டார். சின்ன வயதில் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் என்று கிளினிக்குக்குத் தூக்கிப்போய்விட்டு ஓடிவந்தவரை, பெரட்டு முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குக் கூலி போயிற்று; பொழுது சாயும்வரை அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அது இந்தச் சுகுமாறனுக்குத் துணுக்கு!

"சார், நான் ஒன்னு கேக்கலாமா?"

"எனக்கே கேள்வியா? கேளு, கேளு."

"தெனம் பெரட்டுல பேர் வாசிச்சு ஆளுங்கள வேலைக்கு வெரட்டினாரே கங்காணி, அவருக்குக் கடைசியில என்ன ஆச்சு?"

சுகுமாறன் சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்தார்.

"அதுல இருக்காது சார். நான் சொல்றேன்." "தோட்டத்த வித்த அன்னைக்கும் பெரட்டு வச்சாங்க. வேலை இல்லைன்னு பேர் வாசிச்சது ஆபீஸ்லேருந்து வந்த ஆளு. கங்காணி எங்கப்பா பக்கத்துல வரிசையில நின்னாரு. மொதல்ல வாசிச்ச பேரே அவரோடதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. சுகுமாறன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் அவருடைய மேனேஜர், வேலை இன்னும் தொடங்கவில்லையே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசுகி ஒரு எட்டு பின்னால் போய், கெர்ட்ரூட் அக்காவின் தோளோடு தோள் உரச நின்றாள்.

"எழுதுங்க சார். என்னையும் சேத்து ஒம்பது பேரு."