இரண்டு தலை குறைந்த நாகம்

ஓரத்து நாகத்தலை உடைந்து சிற்பி டேலனின் மடியில் விழுந்தது. பளிங்கு மெலிந்தபின் அரத்தால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், சுத்தியலைத் தொடக்கூடாது. அவன் பிழைப்பே அந்தத் தேய்ப்பு வேலைதான். ஆனாலும் அவசரக் கை தட்டிவிட்டது.

ஆபு மலைமேல் வெள்ளைப் பளிங்கில் எழும்பிக்கொண்டிருந்த சமணர்களின் ஜினாலயத்தில், சுற்றுப் பிராகாரத்துச் சின்னச் சன்னதி ஒன்றுக்கான தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் சிலை அது. அமர்ந்து தவமிருக்கும் அவருக்குப் பின்னால் ஏழு தலை நாகம் குடைபிடிக்க வேண்டும். இப்போது ஆறுதான் இருந்தது. பிரதிஷ்டைக்கோ நாள் குறித்தாயிற்று. அடிவாரத்திலிருந்து வேறு கல் ஏற்றிச் செதுக்க நேரமில்லை. சன்னதி வேறு யாருக்காவது போய்விடும். இறந்துபோன மகளின் புண்ணியத்துக்கென்று அதைக் கேட்டு வாங்கிய சகஜலதேவிக்கு என்ன பதில் சொல்வது?

டேலன் அடுப்பில் அரக்கை உருக்கிப் பளிங்குப் பொடியைக் கலந்தான். சிலையை மணலால் மெருகேற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி வயஜு எழுந்து வந்தாள்.

"ஒட்டின சிலைக்குப் பூசை கிடையாதுன்னு ஒனக்குத் தெரியாதாய்யா?"

"எவனுக்குத் தெரியப் போவுது?"

"ஒனக்குத் தெரியுமே! செத்த பொண்ணுக்குச் சேர வேண்டியதுல அரக்கத் தடவிட்டு வந்தா சோறு எறங்குமா?"

இறங்கவில்லை. கம்பு ரொட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எழுந்தான். சாயங்காலம் சகஜலதேவி வந்தபோது உடைந்த துண்டை அவள் முன்னால் வைத்துத் தலை குனிந்தான். அவள் சிலையின் முகத்தைப் பார்த்தாள்.

"முகத்துல ஒரு கீறல் இல்லம்மா," என்றான். "தீர்த்தங்கரர் எல்லாருக்கும் முகம் ஒண்ணுதான். மறுபக்கத்து ஓரத் தலையையும் எடுத்துட்டா அஞ்சு தலை நாகம். அப்ப இவர் சுபார்சுவநாதர்ங்கற வேற தீர்த்தங்கரர். குறையில்லாத சிலை, தாராளமா பூசை பண்ணலாம். ஆனா நீங்க கேட்டவர் இல்ல. வேணாம்னா சொல்லிடுங்க."

"கேட்டேன். எல்லாரும் பார்சுவநாதரக் கேட்டாங்க, நானும் கேட்டேன்." உடைந்த தலையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். திடீரென்று சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். "எம்பொண்ணு பாம்புன்னா ஊரக் கூட்டிருவா, டேலா. ரெண்டு தலை கொறைஞ்சா அவளுக்குச் சந்தோஷந்தான். பீடத்துலயும் பாம்புச் சின்னம் வருமே?"

"அது பார்சுவருக்கும்மா. இவருக்கு சுவஸ்திகம்."

சகஜலதேவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"எம்பொண்ணு தெனம் கோயில்ல அரிசியால அதத்தான் போடுவா," என்றாள். "நானே கோடு போட்டுத் தரட்டுமா?"

டேலன் முதலில் மிச்சமிருந்த ஓரத்துத் தலையை, இந்த முறை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அரத்தால் தேய்த்தே எடுத்தான். பிறகு காவிக்கட்டியை அவளிடம் நீட்டினான். பீடத்தில் அவள் சுவஸ்திகம் வரைந்தாள். ஒரு கை மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"சரி பண்ணிடுய்யா," என்று வயஜு கிசுகிசுத்தாள்.

"வேணாம்மா," என்றாள் சகஜலதேவி. "அவ இப்படித்தான் போடுவா."

டேலன் உளியை எடுத்து, அந்தக் கோட்டின் மேலேயே வைத்தான்.