கோச்சக்காவின் தொண்டை

வெப்பக் குழாய்கள் கெட்டுப்போன உள்ளரங்கில் பெண்கள் வாயிலிருந்து ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். கோலுக்குப் பக்கத்தில் நின்று அவர்களுடைய கோச் கிரினா கத்திக்கொண்டிருந்தாள். செருப்பு ஆலையில் காலை ஷிப்டை முடித்துவிட்டு நேராக வந்தவள். விரல் நுனிகளில் பசை உரியாமல் இருந்தது.

"உள்ள வா! இன்னும் உள்ள! எம்பு! இப்ப அடி!"

ஸ்மராந்தா எம்பினாள். பந்து கம்பத்துக்கு வெளியே போய்ச் சுவரில் மோதியது.

"எத்தன தடவ சொல்றது? தள்ளுடி, நான் காட்டுறேன்."

கிரினா நகரத்து ஹேண்ட்பால் அணியில் ஆடிய காலத்தில், அவள் எம்பினால் இறங்க மறந்துவிடுகிறாள் என்று ஊரே சொல்லும். இப்போதும் எம்பினாள். பந்து வலைக்குள் போனது. இறங்கும்போது ஆபரேஷன் செய்த முழங்கால் மடங்கி, பலகைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெண்கள் ஓடி வந்து தூக்கினார்கள். ஸ்மராந்தா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கோல் பிரமாதம்க்கா. ஆனா ஞாயித்துக்கெழம உங்கள எறக்க முடியாதே. இந்தப் பூசணிக்கா உடம்ப வச்சிக்கிட்டு நான்தான எறங்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். கிரினாவும் சிரித்தாள். ஆனால் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகும்போது அந்தப் பேச்சு கூடவே வந்தது. இந்தப் பெண்களுக்கு அவள் ஹேண்ட்பால் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு கிரினாவாக மாறச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புரிந்ததே தவிர, வாய் அடங்கவில்லை. ஆட்டத்தில் அடிக்கு அடி கத்தினாள். பெண்கள் பந்தை வாங்கியதும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குள் எதிரணி வந்து பறித்துவிடும்.

மாசிக் குளிரில் ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டியது. பக்கத்து ஊரோடு ஆட்டம். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கிரினா இரண்டு கையையும் விரித்தாள், என்னால் ஆகாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல.

ஸ்மராந்தா எம்பவேயில்லை. தன் கனத்த உடம்பால் எதிரணியில் இரண்டு பேரைத் தோளோடு இழுத்துக்கொண்டு போய், முதுகுக்குப் பின்னாலிருந்து பந்தைத் தோழிக்குத் தள்ளிவிட்டாள். கோல். கிரினாவின் கண்ணுக்கு அப்படி ஒரு வழி என்றைக்கும் தெரிந்ததில்லை. தொண்டை இருந்திருந்தால் 'அடி!' என்று கத்திக் கெடுத்திருப்பாள்.

ஜெயித்த பிறகு பெண்கள் பிளாஸ்கில் தொண்டைக்கு இதமான லிண்டன் பூ டீ கொண்டுவந்தார்கள்.

"குடிங்க கோச்சக்கா. ஆனா ரொம்பக் குடிக்காதீங்க. தொண்ட சரியாயிட்டா நாங்க தோத்துருவோம்."

"வாய மூடுங்கடி கழுதைங்களா," என்று காற்றாகச் சொல்லி, ஒவ்வொருத்தி தலையையும் பிடித்து முத்தமிட்டாள்.

அதற்குப் பிறகு எள் தூவிய வளைய ரொட்டியோடுதான் ஆட்டத்துக்கு வருவாள். கத்தத் தோன்றினால் ஒரு கடி. அவள் கொஞ்சம் பெருத்தாள். பெண்கள் மாவட்ட இறுதியாட்டத்துக்குப் போனார்கள்.

அந்த வாரம் கிளப் இயக்குநர் புரோதான் அவளைக் கூப்பிட்டார்.

"கிரினாம்மா, ஒரு சின்ன விஷயம். பைனல்ல லைசென்ஸ் இருக்கறவங்கதான் பெஞ்சுல உக்காரணுமாம்."

"அந்த லைசென்ஸ் படிப்புக்கு என் பேரத்தான குடுத்திருக்கேன்னீங்க சார்?"

"குடுக்கத்தான் இருந்தோம். ஆலையில அவ்ளோ நாள் லீவு தரமாட்டாங்கன்னு தோணுச்சு. நம்ம மாப்பிள்ள நெலு சும்மாதான இருந்தான், அவன அனுப்பிட்டோம்."

"ஆலையில கேட்டுப் பாத்தீங்களா?"

புரோதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நெலு ஃபுட்பால் ஆளாச்சே சார்."

"பந்து பந்துதானம்மா."

இறுதியாட்டத்தில் அவள் பெஞ்சுக்குப் பின்னால், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது நெலு டைம் அவுட் கேட்டான். கெட்ட பையன் இல்லை. பயத்தில் சட்டை நனைந்திருந்தது.

"எல்லாரும்... நல்லா ஆடுங்க," என்றான்.

ஸ்மராந்தா அவன் தலைக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள். என்ன செய்ய வேண்டும் என்று கிரினாவுக்கு வரிசையாகத் தோன்றியது. ரொட்டியைக் கடித்தபடி தலையை மட்டும் அசைத்தாள்.

"வாங்கடி, நமக்குத் தெரிஞ்சதுதான," என்றாள் ஸ்மராந்தா.

ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கிரினா படியிறங்கி வருவதற்குள் படமெடுக்க வந்த பத்திரிகைக்காரர் கோப்பையை நெலுவின் கையில் கொடுத்து நடுவில் நிறுத்தியிருந்தார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் நகந்துக்குங்க. அந்தக் கோட்டெல்லாம் வாங்கிட்டு என் பக்கம் வந்துருங்க."

பெண்கள் ஒவ்வொருத்தியாக, ஆட்டம் முடிந்ததும் குளிருக்குப் போட்டிருந்த கோட்டைக் கழற்றித் தந்தார்கள். குவியல் அவள் மோவாய் வரை வந்தது.

"எல்லாரும் இங்க பாருங்க!"

செவ்வாய்க்கிழமை யாரோ அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஆலை கேன்டீன் கதவில் ஒட்டியிருந்தார்கள். 'வெற்றிப் பயிற்சியாளர் நெலு' என்று கீழே போட்டிருந்தது. நெலு நேராகக் கேமராவைப் பார்க்கிறான். சுற்றி நிற்கும் பெண்கள் அத்தனை பேரும் வாய்கொள்ளாமல் சிரித்தபடி, படத்துக்கு வெளியே, ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.