மாமா பேரில் கொடுத்த ரத்தம்

ரொட்டி அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது மாமா வலியில் முகம் சுளித்ததை மூட்டைதான் முதலில் பார்த்தான். லாரியிலிருந்து மாவு இறக்கிக் கிடங்கில் அடுக்குவது அவன் வேலை. ஒரே நடையில் இரண்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போவதால் பேக்கரியில் எல்லோருக்கும் அவன் மூட்டைதான். அடுப்பில் நின்றவர் அவன் அக்காவின் கணவர். பாதி வெளியே வந்த தட்டை அப்படியே விட்டுவிட்டு, வலது விலாவைப் பிடித்துக்கொண்டு அவர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். ரொட்டி கருகத் தொடங்கியது. மூட்டை ஓடிப்போய்த் தட்டை வெளியே இழுத்தான்.

"ஒண்ணுமில்லடா மாப்ள, வாயுப் பிடிப்பு" என்றார் மாமா.

நம்பிவிட வேண்டும் என்று மூட்டைக்கு ஆசையாக இருந்தது. ஆனால் மாமா தன் பெல்ட்டில் ஆணியால் புதுசாக ஓட்டை போட்டிருந்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் யாருக்கோ ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்தான் மாமாவுக்கு விஷயம் தெரிந்தது. ஹெபடைடிஸ் பி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், வெளியே காட்டிக்கொள்ளாமல் ஈரலில் குடியிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். இப்போது பயமில்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும், அசட்டையாக இருந்தால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய்விடும் என்றும் சொன்னார். மாமா பயந்தது புற்றுநோய்க்கு இல்லை, பேக்கரிக்கு. அங்கே வருஷாவருஷம் எல்லோருக்கும் ரத்தம் பார்ப்பார்கள். இதே கிருமி இருக்கிறதென்று, மாவு பிசைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கையைக்கூடக் கழுவவிடாமல் வெளியே அனுப்பியிருந்தார்கள். அதனால் அக்காவுக்குக்கூடத் தெரியாமல், மூட்டையிடம் மட்டும் சொல்லி உதவி கேட்டார்.

ரத்தம் எடுக்க ஆட்கள் வருவது வேலை நேரத்தில். தலையில் தொப்பி, வாயில் துணி, புருவம் வரைக்கும் மாவு. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. வந்தவர்கள் பேரைக் கேட்பார்களே தவிர முகத்தைப் பார்ப்பதில்லை. மூட்டை தன் பேருக்கு வலது கையை நீட்டினான். பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்று, மாமா பேருக்கு இடது கையை நீட்டினான்.

"என் பேர்ல உன் ரத்தம் ஓடுது. இனிமே உங்கக்கா திட்டினா பாதி உனக்குத்தான்" என்று மாமா அன்று சிரித்தார். மூட்டையும் சிரித்தான். அக்கா குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவனுக்குப் பெருமைகூட இருந்தது. அடுத்த வருஷமும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த வருஷமும்.

ஆரம்பத்தில் மாமா இரண்டு தடவை யாருக்கும் தெரியாமல் போய் ஸ்கேன் எடுத்தார். லீவு கேட்டால் எதற்கு என்று துருவுகிறார்கள் என்று அப்புறம் விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய கொடுமை வேறு. ஒவ்வொரு வருஷமும் பேக்கரியில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல, மாமாவே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிவிட்டார். "போன தடவையும் நல்லாருக்குன்னுதானே வந்துச்சு" என்பார், ஏதோ அவர் ரத்தத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரி. மூட்டை அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான். அவனுக்கும் அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

இப்போது அடுப்படியில் சரிந்தவரை மூட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தமும் பார்த்தார்கள். அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து மகளை அப்படியே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டரம்மா கட்டிலருகே வந்து, இவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது ஏற்கெனவே தெரியுமா என்று கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் இல்ல டாக்டர். வேலை செய்ற எடத்துல வருஷம் தவறாம ரத்தம் பாக்குறாங்க. ஒண்ணுமே இல்லன்னுதான் சொல்லியிருக்காங்க. வேணும்னா என் தம்பியக் கேளுங்க, அவனும் அங்கதான் இருக்கான்."

மாமா கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. மூட்டை அக்கா பக்கம் திரும்பினான்.

"அது என் ரத்தம்க்கா" என்றான்.

வருஷாவருஷம் மாமா பேருக்குத் தான் கை நீட்டியதை அவன் சொல்லி முடித்தான். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஈரலில் கட்டி பெரிதாகி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டது, இனி அறுத்து எடுக்க முடியாது என்றார். ஒழுங்காக ஸ்கேன் பார்த்துவந்திருந்தால் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்திருக்கலாம். பிறகு, தாங்க முடியாதவர் போலக் கேட்டார்: "இது சாப்பாட்டுல பரவாதே. ரொட்டி சுட்டா யாருக்கும் வராது. இதுக்காகவா வேலைய விட்டு அனுப்புறாங்க?"



அக்கா தம்பியை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். மாமாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தபடியே பேசினாள்.

"உன் ஈரல் நல்லாருக்குன்னு கேட்டுக் கேட்டு, இத்தன வருஷம் நான் நிம்மதியா தூங்கியிருக்கேன்டா."

மூட்டை உடைந்து அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கியது. அவன ஒண்ணும் சொல்லாத, கேட்டது நான்தான் என்று மாமா முனகினார். அதற்குள் பேக்கரி மேஸ்திரி போன் செய்தார். மஞ்சள் காமாலையாமே, வேறு ஆளை அடுப்பில் நிறுத்தியாயிற்று, அவர் இனி வர வேண்டாம், நீயும் ரத்தம் பார்த்துவிட்டு உள்ளே வந்தால் போதும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கிருமி இல்லாவிட்டால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், இருந்தால் இப்போதிருந்தே கவனித்துக்கொள்ளலாம். கீழே ரத்தம் எடுக்கும் அறையில் கூட்டம் நெரிந்தது. முறை வந்ததும் அக்கா மகளை முன்னால் நிறுத்தினாள். மேஜையில் இருந்த பெண் குனிந்தபடியே குழாயில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு பேரு என்றாள், கையை நீட்டச் சொன்னாள்.

அக்கா பேரைச் சொல்லவில்லை. மகளின் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கி, முகவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"மொதல்ல இவ முகத்தப் பாருங்கம்மா. நல்லாப் பாத்துட்டு அப்பறம் எடுங்க."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கும்வரை அக்கா மகளின் கையை நீட்டவிடவில்லை.