நண்டு ஏறும் முடக்கு

அந்தக் காரை முதன்முதலாகப் பார்த்தபோது சுவக்கினுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கண்டியில் அப்போத்திக்கரி பொன்னுத்துரையின் மருந்துச்சாலை வாசலில் அது நின்றது. பிஸ்கட் பெட்டிக்கு நாலு சில்லுப் பூட்டிவிட்ட மாதிரி இருந்தது. பேபி கார் என்று பெயர். ஏறி உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் முட்டியது. முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரையின் சிவப்பு ரேஸ் காரை மூன்று வருசம் ஓட்டியவன் அவன். அது உறுமினால் ஊரே திரும்பிப் பார்க்கும். யானை மேய்த்தவனை ஆட்டுக்குட்டி மேய்க்க அனுப்பிய கதைதான் என்று நினைத்துக்கொண்டான்.

"என்ன சுவக்கின், பகிடியாக் கிடக்கே?" என்றார் பொன்னுத்துரை. யாழ்ப்பாணத்து மனிதர். கோட்டு, சால்வை, கையில் எப்போதும் ஒரு மருந்துப் பெட்டி. "துரையின்ரை காரிலை கம்பளைக்குப் போக எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிசம்ங்க ஐயா."

"வழியிலை என்ன பாத்தனீர்?"

சுவக்கின் யோசித்துப் பார்த்தான். மூன்று வருசத்தில் அந்த வழியில் அவன் பார்த்ததாக ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "ரோட்டத்தாங்க பாத்தேன்."

"அதுதான் சொல்லுறன். இது ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஆனா எல்லாத்தையும் காட்டும்."

உண்மையைச் சொன்னால், அந்தக் கார் நல்ல கூத்துத்தான். ஒரு மாதத்துக்குள் சுவக்கினுக்கே அது பிடித்துப்போயிற்று. வெளியில் ஒப்புக்கொள்வானா? டிரைவர்மார் புத்தி அப்படி. பேராதனையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காரோடு பந்தயம் ஓடி ஜெயித்துவிட்டு, நின்று கைதட்டுவார்கள். கெலிஓயாவில் தேத்தண்ணிக் கடை முஹ்ஸின் ஓடுகிற காருக்குள்ளேயே கிளாசை நீட்டிவிட்டு, குடித்து முடிக்கும் வரைக்கும் கூடவே நடந்து வருவார். கடைசி மிடறு இறங்குவதற்குள் அன்றைய ஊர்க்கதை எல்லாம் இறங்கிவிடும். சிவப்புக் காரில் போனபோது மக்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். இந்தக் காருக்கு யாரும் ஒதுங்கக்கூட இல்லை.

"டிரைவரே, இண்டைக்கு நண்டு முன்னால போகுமா, பொறகால போகுமா?" என்பார் முஹ்ஸின்.

நண்டு என்ற பெயர் அந்தக் காருக்குச் சும்மா வரவில்லை. புதன்கிழமைதோறும் பொன்னுத்துரை கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நோயாளிகளைப் பார்க்கப் போவார். கம்பளையில் இருந்து நாலு மைலில் பலாமரத்து முடக்கு என்ற வளைவு வரும். கூரையில் ஏறுவது போன்ற ஏற்றம். மூக்கைத் தூக்கியதும் இந்தக் காருக்குப் பெற்றோல் ஓடாது, மூச்சடைத்து நின்றுவிடும். ஆனால் ரிவேர்ஸ் கியரில் மட்டும் ஏறும். ஆகவே ஏற்றத்தின் அடியில் காரைத் திருப்பி, பின்பக்கத்தை மலைக்குக் கொடுத்து, நடக்கிற வேகத்தில் பின்னுக்கே ஏற்றவேண்டும். டிரைவர் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவர், ஏறிவந்த பாதையையே பார்த்துக்கொண்டு போவார்.

இலங்கையில் எத்தனையோ ஏற்றம் இருக்க, அந்த நண்டு பின்னுக்கு ஏறவேண்டிய இடம் அந்த முடக்காகவா இருக்கவேண்டும்!

முப்பதாம் ஆண்டு ஆடி மாதம் அது. பின்னேரம் நாலு மணி இருக்கும். மழையும் பனிமூட்டமும். சிவப்புக் கார் அந்த முடக்கில் கீழே பாய்ந்து வந்தது. ஓட்டியது சுவக்கின். பக்கத்தில் துரை, "இன்னும் வேகம், இன்னும் வேகம்" என்று தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். பனிக்குள் இருந்து ஒரு கறுப்புக் குடை வந்தது. குடைக்குப் பக்கத்தில் ஒரு தலைப்பாகை. அவ்வளவுதான் சுவக்கின் கண்டது. சாக்கு மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவனுடைய கால் பிரேக்குக்குப் போனது.

"நாய்," என்றார் துரை. அவருக்குத் தெரிந்த பத்துத் தமிழ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. "நாய்தான். நிக்காதே. போ!"

நாய் எங்கேயாவது குடை பிடிக்குமா? ஆனாலும் கால் பிரேக்கில் இருந்து எழுந்து பழைய இடத்துக்கே போய்விட்டது. பேராதனைப் பாலத்தில் நிறுத்திப் பார்த்தபோது சில்லுக் கம்பிகளுக்குள் ஒரு குடைக்கம்பி சிக்கியிருந்தது. அதைப் பிடுங்கி மகாவலியில் எறிந்தான். அடுத்த கிழமையே துரை காரைக் கொழும்பில் விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். சுவக்கின் கொழும்பிலேயே தங்கிக்கொண்டான். அங்கே ஒருநாள் கம்பளை லொறிக்காரன் ஒருவன், "பலாமரத்து முடக்குல ஆளு ஒண்ணு அடிபட்டுச் செத்துப்போச்சாம். எந்த வண்டின்னே தெரியலையாம்" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். சுவக்கின் பீடியைப் பற்றவைத்தபடி, "அப்பிடியா?" என்று கேட்டான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று வருசம் நெருங்கும்போதுதான் கண்டிக்குத் திரும்பினான். வருசாவருசம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் கள் குடித்தது, பூசைக்குப் போகாதது, மனைவி யோசப்பினைத் திட்டியது எல்லாவற்றையும் சாமியாரிடம் ஒப்புவித்தான். குடை மட்டும் தொண்டையோடு நின்றுகொண்டது.

பொன்னுத்துரையோடு அந்த முடக்கில் ஏறிய முதல் புதன்கிழமையே அது ஆரம்பித்துவிட்டது.

"சுவக்கின், கீழை ஒருத்தன் வாறான்," என்றார் அவர். "எங்களுக்குக் கைகாட்டுறான் போல கிடக்கு. ஏத்துவமே?"

சுவக்கினின் கழுத்து மலைப்பக்கம் திரும்பியிருந்தது. "நிப்பாட்டுனா பெறகு ஏறாதுங்க ஐயா," என்றான். அது பாதி உண்மை.

"பாவம், நொண்டிக்கொண்டு வாறான்."

அப்போதுதான் சுவக்கினுக்கு அந்தச் சத்தம் கேட்டது. டொக். டொக். ரோட்டில் எதையோ ஊன்றுகிற சத்தம். சிவப்புக் கார் என்றால் அதன் உறுமலில் உலகமே கேட்காது. இந்தச் சனியன் பிடித்த சின்னக் காரில் எல்லாம் கேட்டது. மேலே போய், சமதரையில் காரைத் திருப்பும்போது, மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒருமுறை கீழே பார்த்தான். பனியும் பலாமரமும் இருந்தன. ஆள் இல்லை.

அடுத்த புதனும் வந்தான். அதற்கடுத்த புதனும் வந்தான்.

"விசரன் போல கிடக்கு," என்றார் பொன்னுத்துரை, தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு. "இந்த மழைக்குள்ளை கையிலை குடை இருக்கு. விரிக்கேல்லை. ஊண்டிக்கொண்டு நனைஞ்சு நனைஞ்சு வாறான்."

சுவக்கினுக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. குடை! செத்தவனுக்கு மழை ஏது, அவன் ஏன் குடையை விரிக்கப்போகிறான்? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். கனம் அவன் மடியில்தான் இருந்தது. ஆகவே பயமும் அவனுக்குத்தான். அந்த அப்பாவி மனுசர் பேயைப் பார்த்து இரக்கப்பட்டுக்கொண்டு வந்தார்.

தப்புவதற்கு என்னென்னவோ செய்தான். பெற்றோலை வாய்முட்ட நிரப்பி முன்னுக்கு ஏற்றிப் பார்த்தான். பாதி ஏற்றத்தில் கார் விக்கி நின்றது. அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினான். காய்ச்சல் என்று ஒரு புதன்கிழமை படுத்துக்கொண்டான். பொன்னுத்துரை அப்போத்திக்கரி ஆயிற்றே, வீட்டுக்கே வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, எழும்பும்" என்றார். வேலையை விட்டுவிடுவோமா என்றும் நினைத்தான். ஆனால் வேலையை விட்டால் மட்டும் டொக் டொக் சத்தம் விட்டுவிடுமா? அது இப்போதெல்லாம் வீட்டிலும் கேட்டது. மனைவி உலக்கை போட்டால் எழுந்து உட்கார்ந்தான்.

ஆடி மாதம் மறுபடி வந்தது. அதே மழை, அதே பனி. அந்தப் புதன்கிழமை கெலிஓயாவில் முஹ்ஸின் நீட்டிய கிளாசைக்கூட அவன் வாங்கவில்லை. ஏற்றத்தின் அடியில் காரைத் திருப்பி, கழுத்தை மலைப்பக்கமே வைத்துக்கொண்டான்.

பாதி ஏற்றம் ஏறியாயிற்று. டொக். டொக். வழக்கத்தைவிடக் கிட்டக் கேட்டது.

"இண்டைக்கு ஓடி வாறான்," என்றார் பொன்னுத்துரை. "அந்தக் காலோடை ஓடுறான். ஐயோ, விழுந்திட்டான்! சுவக்கின், நிப்பாட்டும்!"

சுவக்கினின் கால் அசையவில்லை.

"மனுசன் விழுந்து கிடக்கிறான் எண்டுறன். நிப்பாட்டும் காணும்!"

மூன்று வருசத்துக்கு முன்னால் இதே இடத்தில், பக்கத்தில் இருந்த ஒருவர் போ என்றார், போனான். இன்றைக்குப் பக்கத்தில் இருப்பவர் நில் என்கிறார். நிறுத்துவதற்கு இதைவிடச் சின்னக் கார் உலகத்தில் இல்லை. காலை வைத்தான். கார் நின்றது. கை பிரேக்கை இழுத்தான். பிறகு, பெரிய வேலை ஒன்றைச் செய்கிறவன் மாதிரி, கழுத்தை மெல்ல மெல்லத் திருப்பிக் கீழே பார்த்தான்.

ஒருவன் சேற்றில் இருந்து எழுந்துகொண்டிருந்தான். தலைப்பாகையில் இருந்து தண்ணீர் ஒழுகியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்திருந்தது. குடையை ஊன்றி ஊன்றி ஏறி வந்து, காரின் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. மூடிய குடைத் துணி ஒரு பக்கம் தொங்கியது. அந்த இடத்தில் ஒரு கம்பி இல்லை.

செத்தவனுக்கு மூச்சுப் புகையாது. அது சுவக்கினுக்கு உறைத்ததும், மூன்று வருசப் பாரம் ஒரே மூச்சில் இறங்கியது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து பாய்ந்து இறங்கி அந்த மனுசனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே! நீங்க உசிரோடயா இருக்கீங்க? மாதாவே! நீங்க அன்னைக்கே செத்துப்போயிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"

அந்த மனுசன் அவனையே பார்த்தான். பெயர் அழகமுத்து. பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருப்பவன். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னைக்கு?"

மழை காரின் மூடியில் அடித்துக்கொண்டிருந்தது.

அழகமுத்து கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டான். "மூணு வருசமா இந்த ரோட்டுல போற காரையெல்லாம் கைகாட்டுறேன். அன்னைக்கு இந்தப் பக்கம் போன வண்டி எதுன்னு யாருக்காச்சும் தெரியுமான்னு கேக்கணும். எதுவும் நிக்காது. இது ஒண்ணுதான் நடக்குறவன் எட்டிப் புடிக்கிற வேகத்துல போகுது. எனக்குத்தான் கால் பத்தல, மேல போறதுக்குள்ள களைச்சு அந்த மரத்துக்குப் பின்னால ஒக்காந்துருவேன். இன்னைக்கு எப்பிடியாச்சும் புடிச்சு, டிரைவரு அண்ணனுக்கு ஏதாச்சும் தெரியுமான்னு கேப்போம்னுதான் ஓடிவந்தேன்."

"நீங்க பொழச்சுட்டீங்கள்ல அண்ணே," என்றான் சுவக்கின். கெஞ்சுகிற குரல். "பொழச்சுட்டீங்கள்ல?"

"நான் பொழச்சேன்," என்றான் அழகமுத்து. "கொடைய அவளுக்குத்தான் புடிச்சிருந்தேன்."

சுவக்கினுக்கு லொறிக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது. ஆளு ஒண்ணு. ஆணா பெண்ணா என்று அவன் கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் மட்டும் என்ன?

"எம் பொஞ்சாதி பாலாம்பிகை," என்றான் அழகமுத்து. "கம்பளைச் சந்தைக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தோம். அவளுக்குச் சளி. நனையாதடீன்னு கொடைய அவ பக்கமாச் சாச்சுப் புடிச்சேன். அதுக்குப் பெறகு நான் இத விரிச்சதில்ல."

பொன்னுத்துரை காருக்குள்ளேயே இருந்தார். மடியில் மருந்துப் பெட்டி. அதற்குள் இதற்கு மருந்து இல்லை.

"நான்தான் ஓட்டுனேன்," என்றான் சுவக்கின். தொண்டையில் இருந்தது ஒருவழியாக வெளியே வந்தது. "தொரை நாய்ன்னு சொன்னாரு. நாய் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனேன்."

அழகமுத்து அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அடித்திருந்தால் சுவக்கினுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏறுங்க அண்ணே," என்றான் சுவக்கின் கடைசியில். "கம்பளைப் பொலிசுக்குப் போவோம். நானே சொல்றேன்."

"உன் வண்டில நான் ஏறமாட்டேன். நீ ஓட்டு. நான் நடந்து வர்றேன்."

காரின் மூக்கு ஏற்கனவே கம்பளைப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்ப வேண்டிய வேலைகூட இல்லை. சுவக்கின் ஏறி உட்கார்ந்து கை பிரேக்கைத் தளர்த்தினான். பொன்னுத்துரை தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, காரின் மறுபக்கமாக நடக்கத் தொடங்கினார். டொக், டொக் என்ற சத்தம் இப்போது பின்னால் கேட்கவில்லை. அவன் தோளுக்குப் பக்கத்தில், கதவை ஒட்டிக் கேட்டது. கை நீட்டினால் தொடலாம். ஒவ்வொரு டொக்குக்கும் அழகமுத்துவின் தாடை வலியில் இறுகுவதுகூடத் தெரிந்தது. எல்லாத்தையும் காட்டும் என்று பொன்னுத்துரை சொன்னது சரிதான்.

கம்பளைக்கு நாலு மைல். நண்டு அந்த நொண்டிக் காலின் வேகத்துக்குப் போனது. இரண்டாம் மைலில் பின்னால் ஒரு பெரிய கார் வந்து, வழிவிடச் சொல்லி ஹோர்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது. சுவக்கின் ரோட்டின் நடுவிலேயே ஓட்டினான். வழிவிடவில்லை.